அந்திமந்தாரைக்குக் கொடுத்த உறை

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்குக் கால் இருந்தது, பூக்களுக்கு வாய் இருந்தது, சொந்தமாக நிறம் மட்டும்தான் இல்லை. மல்லிகையும் பச்சை, தாமரையும் பச்சை, செம்பருத்தியும் பச்சை. எது இலை எது பூ என்று வண்டு பாவம் தடவித் தடவித் தேட வேண்டும். வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்லை. விடிந்ததும் விடியாததுமாகத் தோட்டத்துப் பக்கம் போனால் காது கொடுத்துக் கேட்க முடியாது, அப்படி ஒரு வாயாடித்தனம்.

நிறம் வேண்டுமென்றால் பூக்களுக்கு ஒரே ஒரு வீடுதான் கதி. ஆற்றங்கரையில் இருளாயி வீடு. அவளும் அவள் புருஷன் சோணையும் சாயம் போடுகிறவர்கள். சோணை வேரும் பட்டையும் வெட்டிக்கொண்டு வருவான், விறகு பிளப்பான், தண்ணீர் சுமப்பான். சாயம் கூட்டுவதும் பூவை முக்கி எடுப்பதும் இருளாயி. வேலியில் ஓர் ஓணான் காவலுக்கு. காவல் என்றால் பெரிய காவல் ஒன்றும் இல்லை. வருகிறவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டி, "போ, போ, அடுத்தது வா" என்று வரிசை பார்க்கிற வேலை. அதற்கே அவன் பண்ணுகிற தோரணையைப் பார்க்க வேண்டுமே!

வருஷத்துக்கு ஒரு நாள், பங்குனியில், சாயநாள். அன்று காலையிலிருந்து பொழுது சாய்வதற்குள் எல்லாப் பூவும் வந்து நிறம் வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும். வாங்கின நிறம் அடுத்த பங்குனி வரைக்கும் தாங்கும். பிறகு வெளுத்துவிடும், மறுபடியும் வர வேண்டும். அன்றைக்கு வராமல் விட்டவர்களுக்கு அந்த வருஷம் பச்சைதான். பச்சையாக நிற்கிற பூவை வண்டு திரும்பிப் பார்க்காது. வண்டு வராவிட்டால் விதை இல்லை, விதை இல்லாவிட்டால் அந்த வம்சமே இல்லை. அதனால்தான் சாயநாள் என்றால் பூக்களெல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வரும்.

இருளாயியின் சாயம், பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கலக்குகிற சாயம் இல்லை. தயிர் மாதிரி உறை ஊற்றி எடுக்கிற சாயம். பானை நிறைய வேரையும் பட்டையையும் ஊறப்போட்டு, போன வருஷத்துச் சாயத்தில் ஒரு கரண்டி எடுத்து அதில் விட வேண்டும். விட்டால்தான் நிறம் பிடிக்கும். விடாவிட்டால் நாற்றம் பிடித்த தண்ணீர்தான் மிஞ்சும். அதனால் இருளாயி எந்தப் பானையையும் வழித்து ஊற்ற மாட்டாள். எத்தனை பெரிய இடத்துப் பூ வந்து கெஞ்சினாலும் சரி, அடியில் ஒரு கரண்டி நின்றாக வேண்டும். அதுதான் அடுத்த வருஷத்து உறை. அவள் கல்யாணமாகி வரும்போது அவளுடைய ஆத்தா சீதனமாகக் கொடுத்ததே அந்த உறைதான். நகை நட்டு எதுவும் கிடையாது. மஞ்சளுக்கு ஒரு கலயம், சிவப்புக்கு ஒரு கலயம், வெள்ளைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. வண்டி குலுங்கினால் சிந்திவிடும் என்று வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தவள்.

உறைக்கு இன்னொரு கட்டும் உண்டு. விளக்கு வைத்த பிறகு அதை வெளியே கொடுக்கக் கூடாது. இன்றைக்கும் பாருங்களேன், பொழுது சாய்ந்த பிறகு மோர் உறை கேட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனால், என்னதான் உயிருக்கு உயிரான சிநேகிதி என்றாலும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு காலையில் வா என்றுதான் சொல்வாள். உறையோடு வீட்டுச் செல்வமும் படியிறங்கிப் போய்விடும் என்று பயம். இருளாயிக்கும் அந்தப் பயம் உண்டு.

இருளாயியிடம் ஒரு நல்ல பழக்கம். வாசலுக்கு வருகிற யாரையும், அது அருகம்புல்லின் தம்மாத்துண்டுப் பூவாக இருந்தாலும், "வா தாயி" என்று வாய் நிறையச் சொல்லித்தான் உள்ளே விடுவாள். நம் பக்கத்தில் அது லேசான விஷயமா? பந்தியில் பாயசம் பற்றாமல் போனால்கூட மன்னித்துவிடுவார்கள். வாசலில் வந்து நிற்கிறவர்களை "வாங்க" என்று ஒரு வார்த்தை கேட்காமல் விட்டுப் பாருங்கள், பேரன் பேத்தி காலம் வரைக்கும் பேச்சுவார்த்தை இருக்காது.

அந்த வருஷத்துச் சாயநாள் அன்று கூட்டமான கூட்டம். இருளாயி அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்து நடந்து கால் ஓய்ந்துபோனாள். செம்பருத்தி முக்கி எடுத்த பிறகும், இன்னும் கொஞ்சம் அழுத்தமாக வேண்டும் என்று அடம்பிடித்து மறுபடி மறுபடி பானைக்குள் இறங்கினாள். தாமரை சேற்றுக்காலோடு உள்ளே வந்துவிட்டு, என் காலில் சேறே ஒட்டாது என்று பெருமை பேசினாள். தரையெல்லாம் சேறு. சங்குப்பூ செய்த காரியம்தான் எல்லாவற்றிலும் மோசம். இருளாயி அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து நீலப் பானைக்குள் தலையை விட்டு, அடி உறை வரைக்கும் நக்கிவிட்டுப் போய்விட்டது. நீலப் பானை கழுவி வைத்தது போலக் காய்ந்து கிடந்தது. இருளாயி தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

இதற்கிடையில், காலையில் முதல் பானையைத் திறக்கும்போதே, வேலிக்கு வெளியே ஒரு புதுச் செடி நிற்பதை அவள் பார்த்தாள். இந்தப் பக்கத்துச் செடி இல்லை. கிழங்கு மாதிரி கனத்த காலை இழுத்து இழுத்து நடந்து வந்த களைப்பு அதன் உடம்பெல்லாம் தெரிந்தது. கிளைக்குக் கிளை கூம்பின மொட்டுகள், எல்லாம் பச்சை. யார் என்று கேட்கலாம் என்று இருளாயி வாயைத் திறந்தாள். அதற்குள் தாமரை சேற்றோடு வந்து சேர்ந்தாள், கேள்வி தொண்டையிலேயே நின்றுபோனது.

உச்சி வெயிலில் தண்ணீர் குடிக்க வாசலுக்கு வந்தபோதும் அந்தச் செடி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. யார் அது என்று ஓணானிடம் கேட்டாள். யாருக்கோ துணைக்கு வந்ததாக இருக்கும் மதினி, உள்ளே வர வேண்டியதாக இருந்தால் வராதா என்று அவன் தலையை ஆட்டினான். அதுவும் சரிதான் என்று இருளாயி உள்ளே போய்விட்டாள். எத்தனையோ பேருக்கு "வா" என்று சொன்ன வாய், அந்த ஒருத்தியிடம் சொல்லவில்லை.

பொழுது சாய்ந்தது. கடைசிப் பூவும் நிறத்தை வாங்கிக்கொண்டு, நீ அழகா நான் அழகா என்று சண்டை போட்டபடி போய்ச் சேர்ந்தது. வண்டுகள் கூடு திரும்பிவிட்டன. இருளாயி பானைகளை மூடி, கையைக் கழுவி, மாடத்தில் விளக்கை ஏற்றினாள். ஏற்றிவிட்டுத் திரும்பினால், வேலிக்கு வெளியே அந்தச் செடி இன்னமும் நிற்கிறது. அகல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் போனாள்.

யாருக்காகக் காத்திருக்கிறாய், எல்லோரும் போய்விட்டார்களே என்று கேட்டாள். அதற்கு அந்தச் செடி, தான் யாருக்கும் துணையாக வரவில்லை என்றும், கடலுக்கு அந்தப் பக்கமிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவதாகவும், இங்கே ஒரு வீட்டில் நிறம் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டு விடிவதற்கு முன்பே வந்துவிட்டதாகவும் சொன்னது. சொன்ன குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. அதுதான் இருளாயியை என்னவோ செய்தது.

"விடியறதுக்கு முன்னாடியிருந்தா நிக்கிற? பின்ன ஏன் உள்ள வரல?"

"கூப்பிடாத வீட்டுக்குள்ள கால் வைக்கிறது எங்க ஊர்ல வழக்கமில்ல தாயி. ஒவ்வொருத்தரையா நீங்க வா, வான்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க. நமக்கும் ஒரு முறை வரும்னு நின்னேன்."

இருளாயிக்கு முகம் கருத்துவிட்டது. தப்பு யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா? இருந்தாலும் மனசு அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ளுமா? நீயாவது ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்று பழியைச் செடியின் மேலேயே திருப்பினாள்.

"கேட்டு வாங்கினா அது கூப்பிட்டதா ஆகுமா தாயி?" என்றது செடி.

இருளாயி பேச்சை மாற்றி, விளக்கு வைத்தாகிவிட்டது, பானையை இனித் திறக்க முடியாது, அடுத்த பங்குனிக்கு வா, முதல் ஆளாக உன்னைத்தான் கூப்பிடுவேன் என்று சமாதானம் சொன்னாள். செடி தன் மொட்டுகளைப் பார்த்தது. அடுத்த பங்குனி வரைக்கும் இவர்கள் தாங்க மாட்டார்கள் என்றும், மூடின வாய் மூடினபடியே உதிர்ந்துவிடுவார்கள் என்றும் மெதுவாகச் சொன்னது. கெஞ்சவில்லை. வழக்கம் என்றால் வழக்கம்தானே என்று அதுவே சொல்லிக்கொண்டு, "வரேன் தாயி" என்று கனத்த காலை மண்ணிலிருந்து பிடுங்கித் திரும்பியது.

அப்போதுதான் கீழ்க்கிளையில் இருந்த சின்ன மொட்டு ஒன்று கேட்டது. "அம்மா, இந்த வீட்லயும் நம்மள வேண்டாம்னுட்டாங்களா?"

"வேண்டாம்னு சொல்லலம்மா. நேரமாயிருச்சுன்னு சொல்றாங்க," என்றாள் தாய்.

இருளாயி அகலைப் பிடித்தபடி நின்றாள். காலையில் ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? தாமரையின் சேற்றைத் துடைக்க நேரம் இருந்தது, செம்பருத்தியின் அடத்துக்கு நேரம் இருந்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேலிப் படலைத் தள்ளித் திறந்தாள்.

"வா," என்றாள். "உள்ள வா தாயி. பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு வா."

வீட்டுக்குள் சோணை கஞ்சி குடிக்க உட்கார்ந்திருந்தான். இருளாயி ஒரு வெளியூர்ச் செடியை உள்ளே கூட்டிக்கொண்டு வந்து பானை மூடியைத் திறப்பதைப் பார்த்ததும் எழுந்தே விட்டான். பானையில் சாயம் ஏது? எல்லாம் தீர்ந்து உறை மட்டும்தானே இருக்கிறது? நீலத்து உறையும் போய்விட்டது. இருக்கிற மூன்று கரண்டியையும் தூக்கிக் கொடுத்துவிட்டால் அடுத்த வருஷம் பூக்களுக்கு எதைப் போடுவது, நாம் எதை வைத்துப் பிழைப்பது, அதுவும் விளக்கு வைத்த பிறகு என்று அடுக்கடுக்காகக் கேட்டான். அவன் கேட்டதில் ஒன்றும் தப்பில்லை.

"காலையில சொல்ல வேண்டிய வார்த்தைய இப்பத்தான் சொல்லியிருக்கேன்," என்றாள் இருளாயி. "வான்னு சொல்லிக் கூட்டிக்கிட்டு வந்து வெறும் பானையைக் காட்டி அனுப்பச் சொல்றீங்களா?"

சோணை மறுபடியும் கஞ்சியின் முன்னால் உட்கார்ந்தான். முகம் மட்டும் தெளியவில்லை.

அடுத்த சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. ஒரு செடிக்கு ஒரு நிறம் என்பது சாயவீட்டு வழக்கம். மல்லிகை என்றால் எல்லாம் வெள்ளை, ஆவாரை என்றால் எல்லாம் மஞ்சள். ஆனால் எந்தப் பானையில் இருக்கிற உறையும் அத்தனை மொட்டுக்கும் காணாது. இருளாயி கரண்டியை விட்டு ஆழம் பார்த்தாள். மஞ்சளில் முக்கினால் பாதிப் பிள்ளைகளுக்குக்கூட வராது போலிருந்தது. அவள் தயங்கித் தயங்கித் தாயிடம் விஷயத்தைச் சொன்னாள். எந்தப் பிள்ளைகளுக்குப் போடட்டும், நீயே சொல் என்று கேட்டாள்.

தாய்ச்செடி ஒவ்வொரு மொட்டாகப் பார்த்தது. பார்த்துவிட்டுத் தலையை ஆட்டியது.

"எதை விடச் சொல்றீங்க தாயி? எல்லாப் பானையிலயும் இருக்கிறதை ஆளுக்குக் கொஞ்சமாத் தாங்க. ஒன்னு மஞ்சளா இருக்கட்டும், ஒன்னு சிவப்பா இருக்கட்டும். ஒரு வயித்துல பொறந்ததெல்லாம் ஒரே நிறமாவா இருக்கு?"

சோணை தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். அவன் அடுப்புக்கரி நிறம். அவனோடு பிறந்த தம்பி கோதுமை நிறம். அக்கா மாநிறம். சின்ன வயசில் ஊரில் எத்தனை பேர், இது உங்க வீட்டுப் பிள்ளைதானா, தவிட்டுக்கு வாங்கினதா என்று அவனைக் கிண்டல் பண்ணியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அவன் ஆத்தா அவனை இழுத்து அணைத்துக்கொண்டு, எல்லாம் என் வயித்துப் பிள்ளைதான் என்று சொல்வாள். அவன் எழுந்து போய் மஞ்சள் பானையைத் தூக்கி, அடியில் இருப்பது ஒரு பக்கமாக வந்து நிற்கும்படி சாய்த்துப் பிடித்தான்.

இருளாயி ஒவ்வொரு மொட்டாக முக்கி எடுத்தாள். மஞ்சள் தீர்ந்தது. சிவப்புக்குப் போனார்கள். அது தீரப் போகும்போது கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசினாள், அலசின தண்ணீரில் முக்கினதெல்லாம் ரோஜா நிறம் ஆயிற்று. பிறகு அரிசிக்கஞ்சியில் உறைந்த வெள்ளை. அதுவும் தீர்ந்தது. தன் வாழ்நாளில் முதல் தடவையாக இருளாயி பானையைக் கையால் வழித்தாள்.

கடைசியில் மிஞ்சியது கீழ்க்கிளைச் சின்ன மொட்டு, அந்தக் கேள்வி கேட்டதே, அது. மூன்று பானையும் காலி. மொட்டு ஒன்றும் கேட்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. இருளாயி தன் கையைப் பார்த்தாள். விரலுக்கு விரல் சாயம் ஒட்டியிருந்தது. அந்த விரல்களாலேயே மொட்டைப் பிடித்து உருட்டித் தடவினாள். ஒரு விரல் பட்ட இடம் மஞ்சள், ஒரு விரல் பட்ட இடம் சிவப்பு, நடுவில் வெள்ளை. கோடும் புள்ளியுமாக அது ஒரு மாதிரி வந்தது. சின்னதுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அக்காமார்களிடம் காட்டிக் காட்டிச் சிரித்தது.

விளக்கு வெளிச்சத்திலேயே மொட்டுகள் ஒவ்வொன்றாக மலர்ந்தன. வாசனை வீடெல்லாம் பரவியது. மலர்ந்து என்ன பயன், வண்டெல்லாம் தூங்கப் போய்விட்டதே என்று இருளாயி கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, விளக்கைச் சுற்ற வந்த ஓர் அந்துப்பூச்சி வழியில் நின்று திரும்பிப் பார்த்தது. விளக்கை விட்டுவிட்டுப் பூவிடம் போனது. அதன் பின்னாலேயே இன்னும் சில வந்தன. சோணை அதைப் பார்த்து, பரவாயில்லையே என்றான். அன்று அவன் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

போகும்போது தாய்ச்செடி ஒன்று கேட்டது. உறை வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டுமே, எப்படிக் கொடுப்பது?

இருளாயிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "குடுக்கிறது கெடக்கட்டும், அடியில கொஞ்சம் வச்சுக்கோ. எவ்வளவு முடை வந்தாலும் பானையை வெறுமையா விட்டுறாத. உறையைக் காப்பாத்துறதுக்கு அது ஒன்னுதான் வழி," என்றாள். அந்த வழியைத் தானே இப்போது மீறிவிட்டோம் என்று சொல்லும்போதே நினைத்துக்கொண்டாள். தாய்ச்செடி காலியான பானைகளை ஒரு சுற்றுப் பார்த்தது. கரி படிந்த உருண்டைப் பானைகள், உள்ளே கஞ்சி காய்ந்த வெள்ளைப் பொடி. பார்த்துவிட்டு, வேலிக்கு வெளியே காலையில் நின்ற அதே இடத்தில் போய் நின்றுகொண்டது. கால் வலிக்கிறது, இனி நடக்க முடியாது என்றது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நிம்மதி இல்லை. இருளாயி எத்தனையோ வகையில் உறை கட்டிப் பார்த்தாள். பழைய சாயத்துணியைக் கசக்கிப் பிழிந்தாள், புளித்த மோரை விட்டாள், கடுக்காயைத் தட்டிப்போட்டாள். எல்லாம் நாற்றம் எடுத்ததுதான் மிச்சம். விளக்கு வைத்த பிறகு உறையைக் கொடுத்தவள் வீட்டில் விளங்குமா என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள். தை பிறக்கும்போது வேலியோரத்துச் செடியும் வாடி, தலை சாய்ந்து, காய்ந்துபோயிற்று. இருளாயி அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதாள். அதற்காக அழுதாளா, தன் கலயங்களுக்காக அழுதாளா என்று அவளுக்கே தெரியாது.

பங்குனி வந்தது. வெளுத்துப்போன பூக்களெல்லாம் சாயநாள் அன்று விடியற்காலையிலேயே வந்து குவிந்தன. இருளாயி வாசலில் வந்து நின்றாள். ஒருத்தி விடாமல் எல்லோரையும் "வா தாயி, வா" என்று கூப்பிட்டாள். கூப்பிட்டு உள்ளே உட்காரவைத்து, மூடியைத் திறந்து வெறும் பானையைக் காட்டி, நடந்தது நடந்தபடி சொன்னாள்.

அடேயப்பா, அப்புறம் பேச்சா பேசினார்கள்! எவளோ ஒருத்திக்காக எங்கள் வயிற்றில் அடித்துவிட்டாயே என்றது மல்லிகை. செம்பருத்தி மண்ணை வாரித் தூற்றாத குறை. நேற்று வந்தவளுக்கு வீட்டுச் சீதனத்தைத் தூக்கிக் கொடுப்பார்களா என்று தாமரை குத்திக் காட்டியது. சங்குப்பூ மட்டும் வாயைத் திறக்காமல் மூலையில் நின்றது, அதற்கு மனசு குறுகுறுத்தது. இருளாயி ஏச்சையெல்லாம் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். சோணை நடுவில் வந்து, தப்பு அவள் ஒருத்தி மேல் இல்லை, பானையைச் சாய்த்துப் பிடித்தவன் நான் என்றான். பொழுது சாயும் வரைக்கும் சண்டை ஓயவில்லை. பூக்களும் வெளுத்த முகத்தோடு எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றன.

விளக்கு வைக்கிற நேரமாயிற்று. எல்லாம் போன பிறகு விளக்கு எதற்கு என்று இருளாயிக்குத் தோன்றியது. ஆனாலும் பழக்கம், எழுந்து ஏற்றினாள். அப்போது வேலியிலிருந்து ஓணான், "மதினி, இங்க வந்து பாருங்க" என்றான். தலையை ஆட்டுகிறான், ஆட்டுகிறான், நிறுத்தவே இல்லை.

வேலிக்கு வெளியே, அந்தத் தாய்ச்செடி காய்ந்து விழுந்த இடத்தில், சின்னச் சின்னச் செடிகள் முளைத்திருந்ததை இருளாயி முன்பே பார்த்திருந்தாள். ஏதோ களை என்று நினைத்திருந்தாள். பகலெல்லாம் வாயை இறுக மூடிக்கொண்டு நின்ற அந்தச் செடிகள் இப்போது மலர்ந்துகொண்டிருந்தன. யாரும் முக்காமல், யாரும் தொடாமல், அதுவாகவே மஞ்சள், அதுவாகவே சிவப்பு. ரோஜா நிறம், வெள்ளை. ஒரே கிளையில் இரண்டு நிறம், ஒரே பூவில் மூன்று நிறம். இருளாயியின் விரல் பட்ட கோடும் புள்ளியும்கூட அப்படியே இருந்தது.

இந்தத் தடவை இருளாயி மறக்கவில்லை. படலைத் திறந்து, "வாங்க பிள்ளைகளா, உள்ள வாங்க," என்றாள்.

கோடு போட்ட பூ ஒன்று உள்ளே வந்து, மிளகைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கறுப்பு விதையை அவள் கையில் வைத்தது.

"ஆத்தா, வாங்கின உறையைக் குடுத்துட்டு வரச் சொல்லிட்டுத்தான் அம்மா போனா."

இருளாயி விதையை உடைத்துப் பார்த்தாள். வெளியே பானைக்கரி. உள்ளே வெள்ளை மாவு. பானையை வெறுமையாக விடாதே என்று அவள் சொன்னதை அந்தத் தாய் அப்படியே கேட்டு, அந்தப் பானையைப் போலவே ஒன்றைச் செய்து, அடியில் உறையை வைத்து மூடிவிட்டுப் போயிருக்கிறாள். இருளாயி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓவென்று அழுதாள். மல்லிகை முதற்கொண்டு எல்லோருக்கும் கண் கலங்கியது.

"விளக்கு வச்ச பிறகு கொடுத்தா செல்வம் போயிரும்னாங்க," என்றான் சோணை. "திரும்பி வர்ற நேரமும் அதுவாத்தான் இருக்கு."

மற்றப் பிள்ளைகளும் ஆளுக்கொரு விதையாகக் கொண்டுவந்து வைத்தன. இருளாயி அந்த விதைகளிலிருந்து உறை எடுத்து, வந்தவர்களுக்கெல்லாம் பங்கிட்டாள். இதுதான் கடைசி, இனிமேல் வருஷா வருஷம் இங்கே ஓடி வர வேண்டாம், அவரவர் நிறத்தை அவரவர் விதையிலோ வேரிலோ பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லி அனுப்பினாள். ஓட வேண்டிய வேலை இல்லாததால் செடிகள் நின்ற இடத்திலேயே நின்றன, கால் வேராகிப்போனது. நீலத்து உறை மட்டும் யாரிடமும் இல்லை. சங்குப்பூ தன் நாக்கில் ஒட்டியிருந்ததைக் கொஞ்சம் பங்கு கொடுத்தது. கொஞ்சம்தான் இருந்தது, அதனால்தான் உலகத்தில் நீலப் பூ குறைவு. இருளாயியும் சோணையும் அதன் பிறகு மனிதர்களின் நூலுக்கும் சேலைக்கும் சாயம் போட்டுப் பிழைத்தார்கள், நன்றாகவே பிழைத்தார்கள். சாயங்காலம் ஆனால் இருளாயி வேலியோரத்துப் பூவை நீளக் காம்போடு பறித்து, நார்கூட இல்லாமல் ஒன்றோடொன்று பின்னித் தலையில் வைத்துக்கொள்வாள். யார் வந்து கேட்டாலும் கை நிறையக் கொடுப்பாள், விளக்கு வைத்தாகிவிட்டதே என்று ஒரு நாளும் பார்க்க மாட்டாள்.

அன்று முதல்தான் அந்திமந்தாரை ஒரே செடியில் மஞ்சளும் சிவப்பும் வெள்ளையும் கோடுமாகப் பிள்ளைகளைப் பெற்று வைத்திருக்கிறது. பகலெல்லாம் வேலியோரம் வாய் திறக்காமல் நின்று, விளக்கு வைக்கிற நேரத்தில், யாரோ "வா" என்று கூப்பிட்டுவிட்டது போல மலர்கிறது.